என் சபையில் ஓட்டு இல்லாத நண்பர்கள்

போன மாதம் அயனாவரத்தில் ஒரு துக்க வீடு. தாத்தா எங்கள் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை, பாட்டி கத்தோலிக்கர். ஐம்பது வருடத்துக்கு முன்னால் இரண்டு வீட்டையும் எதிர்த்துக்கொண்டு கல்யாணம் செய்தவர்கள், அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருமுனை வரை ஒன்றாக நடந்து, அங்கிருந்து ஆளுக்கொரு பக்கம் பிரிந்து, மதியச் சாப்பாட்டுக்கு மறுபடி ஒன்றாக உட்கார்ந்தவர்கள். தாத்தா போய்விட்டார். இரண்டு சபையிலிருந்தும் வந்து ஜெபித்தால்தான் எடுக்க விடுவேன் என்று பாட்டி ஒரே பிடிவாதம். ஆகவே ஐஸ் பெட்டிக்கு இந்தப் பக்கம் சிஎஸ்ஐ போதகனான நான், அந்தப் பக்கம் அவர்கள் பங்கின் ஃபாதர்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, கர்த்தருடைய ஜெபம் வரும் வரை. நான் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பிக்க, கூடத்தில் பாதிப் பேர் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று ஆரம்பித்தார்கள். நாங்கள் ஆகாரம் கேட்கும்போது அவர்கள் உணவு கேட்டார்கள். இதெல்லாம் பழகியதுதான், கலப்புக் குடும்பங்களின் துக்க வீட்டில் எப்போதும் இப்படி ஒரு இரைச்சலாகத்தான் இருக்கும். தீமையிலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கேட்டதும் கத்தோலிக்கர்கள் ஆமென் சொல்லி நிறுத்திவிடுவார்கள், எங்கள் ஆட்கள் மட்டும் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று மேலே போவார்கள், அந்த ஐந்து நொடி நிறுத்தினவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அன்றைக்கும் நிறுத்தினார்கள். பாட்டி மட்டும் நிறுத்தவில்லை. பெட்டிக் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு "என்றென்றைக்கும் உம்முடையவைகளே" வரை சொல்லி முடித்தார். ஐம்பது வருடம் ராத்திரி படுக்கும் முன் பக்கத்தில் ஒருவர் சொல்லிக் கேட்டது, வாய் தானாகப் போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தேன். ஃபாதரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்து, அங்கியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் வெளியே டீ குடிக்கும்போது, அந்த வீட்டுப் பேரன் வந்து, "நீங்க ரெண்டு பேரும் முன்னாடியே ஃப்ரெண்ட்ஸா?" என்று கேட்டான். ஏதோ விதிமீறலைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி இருந்தது அவன் குரல். ஆமாம் என்றோம். எப்படி என்றான். அது பெரிய கதை என்று சொல்லி அனுப்பிவிட்டேன், அந்தக் கதையைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன் இந்தக் குருசேகரத்துக்கு, அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் இருக்கும் இந்தச் சபை வட்டாரத்துக்கு, மாற்றலாகி வந்தேன். எங்கள் பகுதியில் நடந்து போகும் தூரத்துக்குள் எங்கள் கோவில், ஒரு கத்தோலிக்கக் கோவில், ஒரு லுத்தரன் கோவில் எல்லாம் உண்டு, அப்புறம் மாடியிலும் ஷெட்டிலும் கல்யாண மண்டபத்திலும் நடக்கிற பெந்தெகொஸ்தே சபைகள், அவற்றை நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு வருடமும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒற்றுமைக்கான ஜெப வாரம் உலகின் பல நாடுகளில் நடக்கும். வந்த புதுசு, உற்சாகம் வேறு. அந்த வாரத்தில் ஒரு ஐக்கிய ஆராதனை நடத்தியே தீருவது என்று இறங்கினேன்.

ஒற்றுமை எங்கே உடைந்தது தெரியுமா, ஃப்ளெக்ஸில். இறையியலில் எல்லாம் இல்லை, நாங்கள் அதுவரைக்கும் போகவே இல்லை. யார் படம் நடுவில், யார் படம் ஓரத்தில், யாருக்கு 'அருட்பணி', யாருக்கு 'அருட்திரு', முனைவர் பட்டத்தை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா. ஒருவருடைய படம் மற்றவர் படத்தைவிடக் கட்டைவிரல் அகலம் சின்னதாக விழுந்துவிட்டது, டிசைன் போட்ட பையன் யாரையும் அவமானப்படுத்த நினைத்து அதைச் செய்யவில்லை, அந்தப் படத்தில் தலை கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்ததால் சுருக்கியிருக்கிறான். அந்தச் சபைக்காரர்கள் கடைசி நேரத்தில் வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வந்தவர்கள் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்தோம், ஆளுக்குப் பத்து நிமிடம் ஒற்றுமையைப் பற்றிப் பேசினோம், பொன்னாடை போர்த்திக்கொண்டோம், குழுவாகப் படம் எடுத்துக்கொண்டோம். அடுத்த நாள் தெருவில் ஒருவரையொருவர் பார்த்தால் வண்டியை நிறுத்திப் பேசும் அளவுக்குக்கூடப் பழக்கம் ஏற்படவில்லை. மாடிச் சபைகளின் போதகர்கள் யார் பெயரும் அந்த ஃப்ளெக்ஸில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்தது இன்னும் கேவலமான கதை, அதில் குற்றவாளி நானே. அந்த வருட லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில், எங்கள் சபையில் மூன்று தலைமுறையாக இருந்த ஒரு குடும்பம் விலகி, பக்கத்துத் தெரு மாடிச் சபைக்குப் போய்விட்டது. போதகர்கள் மத்தியில் இதற்குப் பெயர் ஆடு திருடுதல். எந்தச் சபைப் போதகரிடமும் இந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார், எல்லாரிடமும் திருடு போன கணக்கு இருக்கும், திருடின கணக்கு யாரிடமும் இருக்காது. நான் பிரசங்கத்திலேயே பேசிவிட்டேன். வாடகை மாடியில் மைக் வைத்துக் கத்துகிறவர்கள் என்று ஆரம்பித்து, இப்போது நினைத்தால் கூசுகிற சில வார்த்தைகள். யாரோ செல்போனில் பதிவு செய்து அன்று சாயங்காலமே அந்த பாஸ்டருக்கு அனுப்பிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை வாசலில் ஒரு பழைய டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. ஐம்பது வயது தாண்டியவர், வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே சபை நடத்துகிறவர், அன்றைக்கு அவருக்கு இரண்டாவது ஷிஃப்ட். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, நீங்க பேசினதைக் கேட்டேன். நான் சண்டைக்கு வரல. அந்தக் குடும்பம் எங்கிட்ட வந்தப்ப, அவங்க அம்மா எட்டு மாசமா படுத்த படுக்கையா இருந்தாங்க, சர்ச்சுல இருந்து ஒரு ஆள்கூட வந்து பாக்கலன்னு சொன்னாங்க. அது நிஜமா, இல்ல சும்மா சொல்றாங்களான்னு உங்ககிட்டயே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

நிஜம்தான். அந்த அம்மா படுத்திருப்பது எனக்குத் தெரியும், போக வேண்டியவர்கள் பட்டியலில் பெயர் இருந்தது, கட்டட வேலை, கமிட்டி, கன்வென்ஷன் என்று தள்ளிக்கொண்டே போனேன். அவரிடம் என்ன பதில் சொன்னேன் என்பது சரியாக ஞாபகம் இல்லை, மழுப்பியிருப்பேன். கிளம்பும்போது அவர், நானும் கத்தோலிக்க ஃபாதரும் திங்கட்கிழமை காலையில் சந்தைக்கு எதிர்த்த டீக்கடையில் உட்காருவோம், நீங்களும் வாங்க என்றார். பார்க்கலாம், நேரம் கிடைத்தால் என்றேன். வரப்போவதில்லை என்பதைச் சொல்ல எங்கள் தொழிலில் இருக்கும் வாக்கியம் அது.

இரண்டு மாதம் கழித்துத்தான் போனேன். திங்கட்கிழமைதான் எங்களுக்கு விடுமுறை மாதிரி, ஞாயிறு மூன்று ஆராதனை முடித்த களைப்பில் மனசு வெறுமையாக இருக்கும் நாள். மூன்று பேரும் ஒரு பெஞ்சில். முதல் நாள் பேசியது முழுக்க ஒலிபெருக்கி, சர்க்கரை நோய், மெட்ரோ வேலையால் போக்குவரத்தைத் திருப்பிவிட்டது, இவை மட்டுமே. கடவுளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்பாடா என்றிருந்தது.

அப்புறம் லுத்தரன் சபைப் போதகரும் சேர்ந்துகொண்டார், அவர் ஒரு பெண். ஃபாதர் பழக்கதோஷத்தில் அவரை "வாங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டார். "சிஸ்டர் இல்ல ஃபாதர், நானும் உங்களை மாதிரி அங்கி போட்டுத் திருவிருந்து கொடுக்கிறவதான்" என்றார் அவர் சிரித்துக்கொண்டே. ஃபாதருக்குக் காது சிவந்துவிட்டது. பெண்களுக்குக் குருத்துவம் இல்லை என்பது அவர் திருச்சபையின் நிலை, அது அவருக்கும் தெரியும், அந்த அம்மாவுக்கும் தெரியும், அதை அந்த பெஞ்சில் தீர்க்கப் போவதில்லை என்பதும் தெரியும். இப்போது அக்கா என்று கூப்பிடுகிறார்.

கூப்பிடுவது என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கம் ஒரு சேகரத்தின் குருவானவரை ஆயர் என்போம், பிஷப்பைப் பேராயர் என்போம். கத்தோலிக்கர்களுக்கு பிஷப்தான் ஆயர், ஆர்ச்பிஷப்தான் பேராயர். எல்லாப் பதவியும் ஒரு படி தள்ளி இருக்கிறது. ஃபாதர் என்னை அவர் பங்குத் திருவிழாவுக்கு அழைத்து, மரியாதையாக இருக்கட்டும் என்று மைக்கில் "சிஎஸ்ஐ ஆயர் அவர்கள்" என்று சொல்லிவைக்க, இறங்கி வந்ததும் நாலைந்து பாட்டிமார் என் கையைப் பிடித்து மோதிரத்தைத் தேடினார்கள். முத்தமிட மோதிரம் இல்லை, என் கல்யாண மோதிரத்தைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டி திகைத்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இந்த வார்த்தைச் சிக்கலைச் சின்னதாக நினைக்காதீர்கள். ஒரே தமிழில் ஜெபிக்கிற நாங்கள் ஒருவர் பேச்சை ஒருவர் மொழிபெயர்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருக்கிறோம். அவர்களுக்குத் தவக்காலம், எங்களுக்கு லெந்து. அவர்களுக்குத் தூய ஆவி, எங்களுக்குப் பரிசுத்த ஆவி. பழைய கத்தோலிக்கப் பெரியவர்கள் பேதுருவை இராயப்பர் என்பார்கள், பவுலைச் சின்னப்பர் என்பார்கள், சின்ன வயதில் எனக்கு அது வேறு யாரோ என்றே நினைப்பு. இதற்காகவே இரண்டு தரப்பு அறிஞர்களும் வருடக்கணக்காக உழைத்து 1995இல் பொது மொழிபெயர்ப்பு ஒன்றைக் கொண்டுவந்தார்கள், திருவிவிலியம். கத்தோலிக்கர்கள் திருப்பலியிலேயே அதை வாசிக்கிறார்கள். எங்கள் கோவில்களில் பெரும்பாலும் இன்னும் பழைய வேதாகமம்தான். இரண்டு குடும்பம் சேர்ந்து கட்டிய வீட்டில் ஒரு குடும்பம் மட்டும் குடியேறிய மாதிரி ஆகிவிட்டது. நானும் அந்தக் குடியேறாத கூட்டத்தில் ஒருவன்தான், 23ஆம் சங்கீதத்தில் "நான் தாழ்ச்சியடையேன்" என்பது இல்லாவிட்டால் எனக்கு ஜெபித்த மாதிரியே இருக்காது. ஃபாதரின் புத்தகத்தில் அந்தச் சங்கீதம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா, "ஆண்டவரே என் ஆயர்." அதைக் காட்டித்தான் அவர் என்னைக் கிண்டல் செய்வார், மோதிரம் இல்லாத ஆயர் என்று.

ஒரு திங்கட்கிழமை பாஸ்டர் கேட்டார், "உங்க சிஎஸ்ஐயே பல சபை சேர்ந்து வந்ததுதானாமே, எப்படிச் சேர்ந்தீங்க?" எனக்குப் பெருமையாக இருந்தது, டீ ஆறும் வரை பேசினேன். 1919இல் தரங்கம்பாடியில் உட்கார்ந்து, இனிமேல் பிரிந்து கிடப்பதில் அர்த்தமில்லை என்று நம் ஊர்ப் போதகர்கள் முடிவெடுத்தது. அங்கிருந்து ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், முன்பே பிரஸ்பிட்டேரியனும் காங்கிரிகேஷனலும் சேர்ந்து உருவாகியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபை, இவர்கள் எல்லாம் பேசிப் பேசி, பிஷப் வேண்டுமா, யார் யாரை அபிஷேகம் செய்வது என்று வருடக்கணக்காக இழுத்து, கடைசியில் சுதந்திரம் வந்து ஆறு வாரத்தில், 1947 செப்டம்பர் 27 அன்று, இதே சென்னையில் கதீட்ரல் சாலை செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் ஒன்றானது. 28 வருடம். லுத்தரன் அக்கா குறுக்கிட்டு, "எங்க ஊர் தரங்கம்பாடியில உக்காந்து பேசிட்டு, எங்களை விட்டுட்டுப் போயிட்டீங்க" என்றார். 1706இல் சீகன்பால்க் வந்து இறங்கிய ஊர், லுத்தரன்களின் தாய்வீடு. அங்கே தொடங்கிய ஐக்கியத்தில் கடைசியில் லுத்தரன்கள் சேரவில்லை என்பது உண்மைதான். நீங்களாக வரவில்லை என்றேன். அன்றைக்கு டீக்காசை அக்காதான் கொடுத்தார், அதனால் மேலே வாதாடவில்லை.

சேர்ந்தோமே தவிர எண்பது வருடம் ஆகப்போகிற இந்த நேரத்திலும் சென்னையில் பழைய ஆட்களைக் கேட்டுப்பாருங்கள், அது வெஸ்லி சர்ச், இது லண்டன் மிஷன், எழும்பூரில் இருப்பது கிர்க் என்றுதான் சொல்வார்கள். கல்யாணப் பேச்சு என்று வந்துவிட்டால் இன்னொன்றும் தெரியும். சாதி ஒன்றாக இருந்தால் சபை வேறாக இருந்தாலும் சம்பந்தம் பேசிவிடுவார்கள், சபை ஒன்றாக இருந்து சாதி வேறு என்றால் நல்ல நல்ல ஜெபவீரர்கள்கூட எழுந்து போய்விடுவார்கள். ஒற்றுமை, ஐக்கியம் என்று மேடையில் பேசும்போது நாங்கள் யாரும் இதைத் தொடுவதில்லை. தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலினத்துக்கு வெளியே நிறுத்திய 1950ஆம் வருட ஆணையை எதிர்த்து ஆகஸ்ட் 10ஆம் தேதியைக் கறுப்பு நாளாக கத்தோலிக்கர்களும் நாங்களும் சேர்ந்தே அனுசரிக்கிறோம். கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு நிற்கும்போது, அரசாங்கத்தைக் கேட்கிற கேள்வியை நம் கோவிலுக்குள் கேட்கிறோமா என்று ஃபாதர் என் காதில் கேட்டார். பதில் இருவரிடமும் இல்லை.

விட்ட இடத்துக்கு வருகிறேன். அந்த ஐக்கியத்துக்காக உயிரைக் கொடுத்து உழைத்தவர்களில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளைக்காரர், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர், 1945 தொடக்கத்திலேயே போய்விட்டார், அந்த நாளைப் பார்க்கவில்லை. 1910இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாட்டில் அவர் பேசிய பேச்சை எங்கள் இறையியல் கல்லூரிகளில் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். உங்கள் உடைமைகளை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று வெள்ளைக்கார மிஷனெரிமார் நிறைந்த சபையில் கேட்டார். படிக்கும்போது பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். நண்பர் இல்லாமல் ஒரு போதகன் என்ன ஆவான் என்று புரிந்தது 2024இல்தான்.

அந்த வருடம் என்மேல் ஒரு மொட்டைக் கடிதாசி போனது. சபைக் கூடம் கட்டியதில் சிமெண்ட் கணக்கு, கம்பிக் கணக்கு சரியில்லை என்று. பேராயத்திலிருந்து, அதாவது பிஷப்பின் நிர்வாகத்திலிருந்து, விளக்கம் கேட்டு ஓலை வந்துவிட்டது. தேர்தல் நெருங்கும் சமயம். வெளியே இருப்பவர்களுக்கு இது புரியுமா தெரியவில்லை, எங்கள் சபையில் கமிட்டி முதல் மேலே வரை எல்லாம் தேர்தல்தான், ஓட்டு, அணி, சமரசம் எல்லாம் உண்டு. என்னோடு படித்து, ஒரே நாளில் குருவாக அபிஷேகம் பெற்ற நண்பர்கள் பலர் இங்கேயே ஊழியத்தில் இருக்கிறார்கள், நல்லவர்கள்தான், ஆனால் யாரிடம் இதைச் சொன்னாலும் சாயங்காலத்துக்குள் ஒரு அணிக்குச் சாதகமாகவும் இன்னொரு அணிக்குப் பாதகமாகவும் அது மாறிவிடும். மனைவியிடம் சொன்னால் தூங்க மாட்டாள். சபையாரிடம் சொல்லவே முடியாது. மூன்று வாரம் நான் சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை.

திங்கட்கிழமை பெஞ்சில் சொல்லிவிட்டேன். முன்கூட்டி யோசித்ததில்லை, பாஸ்டர் "ஏன் ஐயா, இளைச்சிட்டீங்க?" என்று கேட்டதும் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அந்த மூன்று பேருக்கும் என் சபையில் ஓட்டு கிடையாது. என்னை மாற்றினால் அவர்களுக்கு லாபமில்லை, நான் மேலே போனாலும் அவர்களுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஒரு போதகன் இன்னொரு போதகனிடம் பயமில்லாமல் பேச முடிவது அவர் வேறு சபைக்காரராக இருந்தால்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. சபைகளைப் பிரித்த சுவர் இருக்கிறதே, அதற்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால் கொஞ்சம் நிழல் கிடைக்கிறது. சுவரைக் கட்டினவர்களுக்கு நன்றி சொல்லலாமா என்றுகூட ஒரு நாள் விளையாட்டாகப் பேசினோம்.

லுத்தரன் அக்கா ஊழியத்துக்கு வரும் முன் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தவர். பில் எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க என்றார். ஒரு பிஸ்கட் டின் நிறைய பில். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து தேதிவாரியாக அடுக்கினோம், அவர் மகள் ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தாள். மணல் லாரிக்குக் கொடுத்த இரண்டு ரசீதில் தேதியே இல்லை, அந்த லாரிக்காரரைத் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்கி வந்தது பாஸ்டர், அவருக்கு ஓட்டேரிப் பக்கம் எல்லா டிரைவரையும் தெரியும். ஃபாதர் ஒன்றும் செய்யவில்லை, இரண்டு நாளும் ராத்திரி பத்து மணிக்கு போன் செய்து "சாப்டீங்களா ஐயா" என்று மட்டும் கேட்டார். விசாரணை முடிந்து, கணக்கு சரி என்று எழுதிக் கொடுத்தார்கள். கடிதம் போட்டது யார் என்று இன்றுவரை நான் கண்டுபிடிக்கவில்லை. பாதி நேரம் கண்டுபிடிக்க ஆசைதான்.

அதற்கப்புறம்தான் மற்றவர்களும் வாயைத் திறந்தார்கள் என்று நினைக்கிறேன். பாஸ்டரின் மகன் சபைக்கு வருவதில்லை, அப்பாவின் ஜெபக்கூட்டம் நடக்கும் நேரத்தில் கீழே வண்டியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பான், விசுவாசிகள் எல்லாரும் அவனைத் தாண்டித்தான் மாடி ஏற வேண்டும். ஃபாதரின் அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. "லீவுல ஊருக்குப் போறீங்களா ஃபாதர்னு கேக்கறாங்க. அம்மா இருந்தவரைக்கும் அது எங்க வீடு. இப்ப அது அண்ணன் வீடு" என்றார். கல்யாணம் ஆகாத ஊழியத்தின் மேன்மையைப் பற்றி அவர் எத்தனையோ மறையுரை செய்திருப்பார், இதை அங்கே சொல்ல முடியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் இந்தப் பக்கம் எல்லாம் தண்ணீர் நின்றபோது ஃபாதரின் பள்ளிக்கூடத்தில் ஆட்களைத் தங்கவைத்தோம், எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கம் சமைத்தது, மாடிச் சபைப் பையன்கள் இடுப்பளவு தண்ணீரில் தூக்கிப்போய்க் கொடுத்தார்கள். அதைப் பற்றிப் படத்தோடு நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆபத்தில் சேருவது சுலபம், தண்ணீர் வடிந்ததும் அவரவர் அண்டாவை அவரவர் எண்ணி எடுத்துக்கொண்டு போவோம். அந்தப் புயலில் காணாமல் போன எங்கள் சபையின் பெரிய கரண்டி பற்றி இன்னும் பேச்சு ஓடுகிறது.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். 2025 நிசேயா சங்கத்தின், அதாவது பிஷப்மார் கூடிய அந்தப் பழைய மாநாட்டின், 1700ஆம் ஆண்டு. 325இல் அங்கே தொடங்கிய விசுவாசப் பிரமாணத்தை பாஸ்டர் முழுசாகப் படித்ததே இல்லையாம், அவர்கள் சபையில் சொல்லும் வழக்கம் இல்லை. அச்சடித்துக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். "இதுல எனக்கு ஒண்ணும் மறுப்பில்லையே ஐயா. பாவமன்னிப்புக்கு ஒரே ஞானஸ்நானம்னு போட்டிருக்கு, ரொம்பச் சரி." சரிதானே என்றேன். "ஆமா, அந்த ஒண்ணு நீங்க இன்னும் எடுக்கல." அவர் கணக்கில் குழந்தையில் தெளித்தது ஞானஸ்நானமே இல்லை, ஆகவே இருபது வருடமாக ஊழியம் செய்யும் நான் இன்னும் கரையில் நிற்கிறவன். ஃபாதருக்குச் சிரிப்பு அடங்கவில்லை, அவரும் கரையில்தான் நிற்கிறார் என்று பாஸ்டர் ஞாபகப்படுத்தும் வரை.

அப்புறம் ஃபாதரின் குருத்துவ வெள்ளி விழா. மூன்று பேரும் போனோம், முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். நற்கருணை நேரம் வந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வரிசையில் போக, நாங்கள் மூவரும் காலை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருந்தோம். கத்தோலிக்கர் அல்லாத எங்களுக்கு அவர் அதைக் கொடுக்கக் கூடாது, நாங்கள் கேட்கக் கூடாது, அது எங்களுக்குத் தெரிந்த விதிதான். ஆனால் அந்தப் பத்து நிமிடம் கனமாகத்தான் இருந்தது. பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். விழா முடிந்து பிரியாணிப் பந்தியில் ஃபாதர் எங்களைத் தேடி வந்து, தன் கையாலேயே மூன்று இலைக்கும் பரிமாறினார். யாரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நிறைய வைத்துவிட்டார், எனக்குச் சாப்பிட முடியவில்லை, ஆனாலும் மீதம் வைக்கவில்லை.

இந்த மாதம் ஃபாதருக்கு மாற்றல் வந்துவிட்டது. எனக்கும் அடுத்த வருடம் வரலாம். போகப் போகிறவர்களாகவே பழகுவதால்தான் எங்கள் ஆட்கள் பெரும்பாலும் அடுத்த கோவில்காரரோடு பழகுவதில்லையோ என்று தோன்றுகிறது, வேர்விடும் நேரத்தில் பிடுங்கி நடுவார்கள். பாஸ்டர் ஒருவர்தான் நிரந்தரம், அவருக்கு மாற்றல் உத்தரவு போட ஆள் கிடையாது. நாங்கள் மூன்று பேரும் கோயம்பேட்டில் பஸ் ஏறுகிறவர்கள் மாதிரி வந்து போவோம், அவர்தான் கடைக்காரர்.

போன வியாழக்கிழமை பாஸ்டர் என்னையும் அழைத்துக்கொண்டு புது ஃபாதரைப் பார்க்கப் போனார். கையில் அதே மாதிரி ஒரு சீப்பு வாழைப்பழம். புது ஃபாதர் சின்ன வயது, ரோமில் படித்துவிட்டு வந்தவராம், அலுவலக அறையில் இன்னும் பிரிக்காத அட்டைப் பெட்டிகள். மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் கண் அடிக்கடி கடிகாரத்துக்குப் போனது. பாஸ்டர் திங்கட்கிழமை டீயைப் பற்றிச் சொன்னார். "பார்க்கலாம் பாஸ்டர், நேரம் கிடைச்சா" என்றார் அவர்.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது எனக்குச் சுரத்தே இல்லை. இவர் வர மாட்டார் பாஸ்டர் என்றேன்.

"வருவார். அந்த ஃபாதரும் மொதல்ல இப்படித்தான் சொன்னாரு" என்று வண்டியை உதைத்தார், அது பிடிக்கவில்லை, மறுபடி உதைத்தார். "நீங்களும்தான் ஐயா."